அகரவரிசையில் நின்ற ஊர்கள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய மேற்குப் பகுதியின் சிற்றூர்களில் ரயில் எந்த அளவுக்கு முக்கியமாக இருந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ரயில் வரைபடங்களில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடப்பவன் நான். எனக்குப் பிடித்த நெப்ராஸ்கா மாநிலத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

லிங்கன் நகருக்கு மேற்கே பர்லிங்டன் ரயில் நிறுவனத்தின் பாதையில் கிரீட், டார்செஸ்டர், எக்ஸிட்டர், ஃபேர்மான்ட், கிராஃப்டன், ஹார்வர்டு, இன்லண்ட், ஜூனியாட்டா என ஊர்கள் ஆங்கில அகரவரிசைப்படி, C முதல் J வரை, அமைந்திருக்கின்றன. இருந்த ஊர்களைத் தேடி ரயில் வரவில்லை. 1870களின் தொடக்கத்தில் தண்டவாளம் போட்ட நிறுவனம் நிலையங்களுக்கு வரிசையாகப் பெயரிட்டுக்கொண்டே போக, அவற்றைச் சுற்றி ஊர்கள் முளைத்தன. இன்லண்டுக்கும் ஜூனியாட்டாவுக்கும் இடையில் ஹேஸ்டிங்ஸ் வரிசையைக் குலைத்து நிற்கிறது. வேறொரு ரயில் பாதை அங்கே குறுக்கிட்டதால் வளர்ந்த ஊர் அது.

ரயில் என்றதும் நமக்குப் பயணமே நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்த ஊர்களுக்குப் பயணத்தைவிட நிலையமே பெரிது என்பது என் கருத்து. பயணச்சீட்டு, தந்தி, சரக்குக் கணக்கு ஆகிய மூன்றையும் பெரும்பாலும் ஒரே ஸ்டேஷன் மாஸ்டரே கவனித்துக்கொண்டார். மரமே அரிதான அந்தப் புல்வெளிக்கு வீடு கட்டும் பலகையும் குளிர்காலத்துக்கு நிலக்கரியும் ரயிலில் வந்தன. தண்டவாளத்தை ஒட்டிய உயரமான தானியக் கிடங்கிலிருந்து கோதுமையும் சோளமும் ரயிலேறின. நேரம்கூட ரயில் கொடுத்ததுதான். 1883 நவம்பர் 18 அன்று ஊருக்கு ஊர் வேறாக இருந்த நேரத்துக்குப் பதிலாக ரயில் நிறுவனங்கள் தாமாகவே பொது நேரத்தை நடைமுறைப்படுத்தின. அதற்குச் சட்டம் வந்தது 1918இல்தான்.

தபால் விஷயம் இன்னும் சுவையானது. சிற்றூரில் நிற்காத விரைவு ரயில், கம்பத்தில் தொங்கவிட்ட தபால் பையை ஓட்டத்திலேயே இரும்புக் கொக்கியால் பறித்துக்கொண்டு, ஊருக்கு வந்த பையை நடைமேடையில் வீசிவிட்டுப் போய்விடும். 1913இல் பார்சல் தபால் தொடங்கும்வரை நான்கு பவுண்டுக்கு மேற்பட்ட பொதிகளை அஞ்சல்துறை ஏற்கவில்லை. அவற்றைத் தனியார் நிறுவனங்களே, அதுவும் ரயிலில்தான், கொண்டுவந்தன.

பயணத்துக்கு வருவோம். 1907இல் நெப்ராஸ்கா கட்டணத்துக்கு மைலுக்கு இரண்டு சென்ட் என்று வரம்பு விதித்தது. ஆக, ஐம்பது மைல் போக ஒரு டாலர். கிளைப் பாதைகளிலோ சரக்குப் பெட்டிகளின் வாலில் ஒற்றைப் பயணியர் பெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். நிலையத்துக்கு நிலையம் சரக்குப் பெட்டிகளைக் கழற்றி மாட்டும்வரை பயணிகள் பொறுமையாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மோட்டார் காரும் நல்ல சாலையும் வந்ததும் மக்கள் முதலில் கைவிட்டது இந்த ரயில்களைத்தான்.

இன்று அந்த வழியே ஓடும் கலிபோர்னியா செஃபிர் ரயில் அகரவரிசை ஊர்கள் எதிலும் நிற்பதில்லை. லிங்கனை விட்டால் ஹேஸ்டிங்ஸில்தான் நிற்கிறது.