நாற்பதுக்குப் பின் மாரத்தான்: கேள்விகளும் பதில்களும்

முழு மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். நடுவயதில் அதற்குப் பயிற்சி எடுப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு, பதினோரு ஆண்டுகளாக ஓடியும் பிறருக்குப் பயிற்சி அளித்தும் வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

எனக்கு வயது 43. ஐந்து மாதப் பயிற்சியில் 12 கிலோமீட்டர் வரை வந்துவிட்டேன். “இந்த வயதில் பெண்கள் இப்படி ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும்” என்று உறவினர்கள் சொல்கிறார்கள். கணவரும் தயங்குகிறார். நான் தொடரலாமா? (திருச்சி)

தாராளமாகத் தொடருங்கள், சகோதரி. உங்கள் உறவினர்கள் சொல்வது புதிய அச்சம் அன்று. மேலை நாடுகளிலும் அரை நூற்றாண்டுக்கு முன்பு வரை இதையேதான் சொன்னார்கள். 1928 ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நடத்தப்பட்ட 800 மீட்டர் ஓட்டம் அதன்பின் 1960 வரை நடத்தப்படவில்லை. பெண்ணுடல் அதைத் தாங்காது என்பதே காரணமாகக் கூறப்பட்டது. 1966இல் பாபி கிப் என்ற பெண் அமெரிக்காவின் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் மறுக்கப்பட்டு, தொடக்கக் கோட்டருகே புதரில் மறைந்திருந்து கூட்டத்தோடு கலந்து ஓடி முடித்தார். மறு ஆண்டு எண் அட்டையுடன் ஓடிய கேத்ரின் ஸ்விட்சரின் மேல் போட்டி அதிகாரி ஒருவர் பாய்ந்து அந்த அட்டையைப் பிய்க்க முயன்றார். ஸ்விட்சர் நிற்காமல் ஓடி முடித்தார். அதே எண்ணை அணிந்து, 2017இல், தம் எழுபதாவது வயதில், அதே மாரத்தானை அவர் மீண்டும் ஓடினார்.

இதைச் சொல்வதால் உறவினர்களின் அச்சத்தை முழுவதும் தள்ளிவிடச் சொல்கிறேன் என்று பொருளில்லை. பிரசவத்திற்குப் பின் இடுப்படித் தசைகள் தளர்ந்திருக்கும் பெண்களுக்கு ஓடும்போது சிறுநீர்க் கசிவோ, அடிவயிற்றில் கனமோ ஏற்படலாம். அவை இருந்தால் கூச்சப்படாமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியாலேயே சரிசெய்யக்கூடிய குறைதான் அது. இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பல மாதங்கள் உழைத்தும் மூச்சு வாங்குவது குறையவில்லை என்று வருந்திய சில பெண்களுக்கு இரத்தசோகைதான் காரணமாக இருந்ததைக் கண்டிருக்கிறேன். கணவரிடம் வாதாட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்தின்போது தண்ணீர்ப் புட்டியுடன் சைக்கிளில் உடன்வரச் சொல்லுங்கள். நீங்கள் ஓடுவதை அருகிலிருந்து பார்த்தவருக்கு வரும் நம்பிக்கை, எத்தனை விளக்கம் சொன்னாலும் வராது.

மூன்றாவது முறையாக முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து பயிற்சி நின்றுபோனது. “உன் உடம்பு ஓட்டத்திற்கு ஏற்றதல்ல” என்கிறார்கள் நண்பர்கள். (வயது 41, கோயம்புத்தூர்)

நீங்கள் ஏற்கெனவே இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறீர்கள் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே நுரையீரலும் இதயமும் தசையும் முன்னேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் ஆகும். எலும்பு தன்னை வலுப்படுத்தும்போது முதலில் பழைய திசுவைக் கரைத்துவிட்டுப் பின்னரே புதியதைக் கட்டுவதால், இடையில் அது சற்றே பலவீனமாக இருக்கும். “மூச்சு நன்றாக இருக்கிறதே” என்று அந்த வாரங்களில்தான் நாம் தூரத்தைக் கூட்டிவிடுகிறோம். ஆகவே உங்களிடம் உள்ள குறை உடம்பின் தகுதியில் அன்று, தூரத்தைக் கூட்டிய வேகத்தில்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வலி எலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக இருந்து, ஓய்வில் தணிந்தால் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஒரு விரல் நுனியால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே இடத்தில் வலித்தாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ எலும்பில் நுண்விரிசல் இருக்கலாம். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம் என்பதால், எலும்பு மருத்துவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுக்கத் தயங்காதீர்கள். வலி தீர்ந்தபின் நான்கு நிமிட நடை, ஒரு நிமிட ஓட்டம் என்று மீண்டும் தொடங்குங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடியாத வேகத்தில் இன்னும் மூன்று மாதங்களுக்கு ஓடாதீர்கள்.

ஓடினால் முழங்கால் மூட்டு தேய்ந்துவிடாதா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

ஐயா, பல ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, உடல்நலத்திற்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதத்தினருக்கும், உட்கார்ந்தே வாழ்பவர்களில் 10.2 சதவீதத்தினருக்கும் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்வு காணப்பட்டது. ஆனால் போட்டிக்காகக் கடுமையாக ஓடியவர்களிடம் அது 13.3 சதவீதமாக இருந்தது. மூட்டு நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கலாம். அதனால் ஓட்டம் மூட்டைக் காக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அளவான ஓட்டம் மூட்டை அழிக்கும் என்று அஞ்சத் தேவையில்லை என்று மட்டும் சொல்வேன். ஏற்கெனவே வீக்கமோ, மூட்டு பிடித்துக்கொள்வதோ இருந்தால் பரிசோதித்த பிறகே தொடங்குங்கள்.

எந்த ஷூ வாங்கலாம்? (மதுரை)

விலையைப் பார்க்காமல், கால் சற்று உப்பியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, உறுத்தாததை வாங்குங்கள்.

ஒரு வருடம் உழைத்தும் 32ஆவது கிலோமீட்டரில் கால் நகரவில்லை. வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். “இத்தோடு விட்டுவிடு” என்கிறது குடும்பம். (வயது 47, சென்னை)

அந்த வண்டியில் நானும் இரண்டு முறை ஏறியிருக்கிறேன். இரண்டாம் முறை வீடு திரும்பியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. கேலியைவிட அந்த மௌனம் வலித்தது. மூன்றாம் முறைதான் முடித்தேன். எனவே உங்கள் கேள்வியை நான் மிகுந்த அக்கறையோடு வாசித்தேன்.

நீங்கள் மயங்கி விழுந்தீர்களா, அல்லது கால் மட்டும் ஓய்ந்ததா? மயக்கமோ நெஞ்சு வலியோ இருந்திருந்தால் இதய மருத்துவரைப் பார்க்கும் வரை ஓட வேண்டாம். கால் ஓய்ந்தது மட்டுமே என்றால் அதற்குக் காரணம் உண்டு. தசையிலும் கல்லீரலிலும் சேமித்துவைத்துள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து, வேகமாக ஓடுபவர்களுக்கு 30 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகும். தொடக்கத்து உற்சாகத்தில் முதல் பத்துக் கிலோமீட்டரை விரைந்து ஓடியவர்களுக்கு இன்னும் விரைவில் தீரும். சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை உலர்வதில்லை, உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. ஆகவே பெங்களூருவில் ஓடிய நேரத்தை இங்கே இலக்காக வைக்கக் கூடாது. அடுத்த முறை முதல் பாதியை மனம் பொறுக்காத அளவுக்கு மெதுவாக ஓடுங்கள். முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும்; பேரீச்சையோ வாழைப்பழமோ ஓட்டக்காரர்கள் உண்ணும் சர்க்கரை ஜெல்லோ, பயிற்சியில் வயிறு ஏற்றுக்கொண்டதையே போட்டியிலும் உண்ணுங்கள். பயத்தில் தண்ணீரை அளவின்றிக் குடிப்பதும் ஆபத்து: 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து நீர்த்துக் குறைந்திருந்தது. தாகத்திற்குக் குடித்தால் போதும்.

குடும்பத்தாரிடம் “விடமாட்டேன்” என்று சொல்வதைவிட, என்ன தவறு நடந்தது, அடுத்த முறை எதை மாற்றப் போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். என் மனைவி மூன்றாம் முறை சம்மதித்தது அப்படி ஒரு தாளைப் பார்த்த பிறகுதான்.

என் தந்தைக்கு 58 வயது. மாரத்தான் ஓடியே தீருவேன் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. தடுப்பது தவறா? (தஞ்சாவூர்)

பயப்படுவது தவறில்லை, மகளே. இரத்த அழுத்தம், சர்க்கரை, டிரெட்மில் பரிசோதனை ஆகியவற்றை அவர் செய்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருங்கள். நெஞ்சில் அழுத்தம், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் போன்றவற்றை உங்களிடம் மறைப்பதில்லை என்றும், மருத்துவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவதாகவும் அவரிடம் வாக்கு வாங்குங்கள். மருத்துவர் சம்மதித்த பிறகும் தடுத்தால், அவர் உங்களுக்குத் தெரியாமல் ஓடுவார். அதுதான் உண்மையான ஆபத்து. முதல் ஆண்டில் 10 கிலோமீட்டர், இரண்டாம் ஆண்டில் அரை மாரத்தான் என்று நீட்டிக்கச் சொல்லுங்கள். அவர் முழுத் தூரம் ஓடும் நாளில் முடிவுக் கோட்டில் காத்திருக்காதீர்கள்; அங்கே கைதட்ட நிறையப் பேர் இருப்பார்கள். ஆளில்லாமல் வெயில் ஏறியிருக்கும் 35ஆவது கிலோமீட்டரில் போய் நில்லுங்கள்.