அக்காவிடம் கேளுங்கள்: "அவர் எங்கே சொன்னார்?"

கேள்வி: செந்தூலில் ஒரு கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் படிவம் மூன்று, நான்கு பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். எங்கள் அடுக்குமாடியில் ரொஹிங்யா அகதிக் குடும்பங்கள் நிறைய. அவர்களைப் பற்றிப் பிள்ளைகளின் புலனக் குழுவில் தினமும் ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது. "சார், அவங்களுக்கு ஆஸ்பத்திரி எல்லாம் ஃபிரீ, நமக்கு ஒன்னுமில்ல" என்கிறான் ஒருவன். அவன் அப்பாவுக்குப் பசாரில் வேலை போய்விட்டது. பொய்ச் செய்தியைப் பற்றி இவர்களுக்கு எப்படிப் பாடம் நடத்துவது?
- வாசகர், செந்தூல்

பதில்: தம்பி, முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல். நடமாட்டக் கட்டுப்பாட்டில் எல்லாரும் வீட்டுக்குள் கிடந்தோம். செலாயாங் மொத்தச் சந்தைப் பக்கம் முள்கம்பி போட்டிருந்தார்கள். ரொஹிங்யா தலைவர் ஒருவர் மலேசியக் குடியுரிமை கேட்கிறார் என்று ஒரு செய்தி வந்தது. பொங்கிவிட்டேன். மூன்று குழுக்களுக்குத் தட்டிவிட்டேன். சாப்பிட உட்கார்ந்தபோது மகள் கேட்டாள்: "அவர் இதை எங்கேம்மா சொன்னார்?" தேடினேன். அவர் அப்படிப் பேசிய வீடியோ இல்லை, தேதி இல்லை. நான் சொல்லவே இல்லை என்று அவர் மறுத்த செய்திதான் கிடைத்தது. அதற்குள் அவருக்குக் கொலை மிரட்டல் வரை போய்விட்டது.

மகள் கேட்ட அந்த ஒரு கேள்வியைத்தான் நானாக இருந்தால் முதல் வாரப் பாடமாக வைப்பேன். அகதிகளை வைத்துத் தொடங்காதீர்கள், வாதாட உட்கார்ந்துவிடுவார்கள். வெள்ளப் படம், நடிகர் இறந்துவிட்டார் என்ற புரளி, இப்படிச் சூடில்லாத ஒன்றை எடுங்கள். கூகுள் லென்ஸில் படத்தைப் போட்டு, அதே படம் எந்த ஆண்டு முதலில் வந்தது என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். வீடியோ என்றால் ஓரிடத்தில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேடலாம். கடைப் பலகை என்ன மொழி, வண்டி நம்பர் நம் ஊருடையதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதில் பையன்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள்.

நம் தமிழ்க் குழுக்களில் பெரிய தலைவலி குரல் பதிவு. "என் மச்சான் போலீஸ்ல இருக்கான், அவன் சொன்னான்" என்று ஆரம்பிக்கும். அதற்கு லென்ஸ் உதவாது. எந்த மச்சான், எந்த ஸ்டேஷன் என்று கேட்டுப் பழக வேண்டியதுதான். பொய்ச் செய்தியைச் சரிபார்க்க அரசாங்கத்தின் தகவல் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய செபெனார்ஞா தளத்திலும் தேடலாம். அரசாங்கம் சம்பந்தப்பட்ட செய்தி என்றால் அதோடு நிறுத்தாமல் நாளிதழ்களையும் பாருங்கள்.

அப்புறம் அந்த ஆஸ்பத்திரிப் பேச்சு. அது முழுப் பொய்யில்லை, அதனால்தான் பரவுகிறது. ஐநா அகதி அட்டை இருந்தால் அரசு மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி தள்ளுபடி உண்டு. அந்தப் பாதி, குரல் பதிவில் 'ஃபிரீ' ஆகிவிடுகிறது. நாம் வெளிநோயாளிப் பிரிவில் கட்டுவது 1 வெள்ளி. இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுங்கள், பேச்சு தானாக நடக்கும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திடவில்லை, அவர்கள் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியில் இடமில்லை என்பதும் அதே பலகையில் வரலாம்.

அந்தப் பையனின் அப்பாவுக்கு வேலை போனது உண்மை. அதை வகுப்பில் தோண்டாதீர்கள். தனியாக ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டு ரொஹிங்யா பிள்ளைகள் வர விரும்பினால் மற்றவர்களோடு சேர்த்து உட்கார வையுங்கள். "உன் கதையைச் சொல்" என்று முன்னால் நிறுத்த வேண்டாம். அவர்களுக்கும் இந்தப் பாடம் வேண்டும். ஐநா அகதி அலுவலகத்தில் பதிவு இலவசம். ஆனாலும் காசு கொடுத்தால் அட்டை வாங்கித் தருகிறேன் என்று செய்தி அனுப்பி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மண்டபத்தில் வைஃபை இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளின் டேட்டாவில் தேடவிட்டால், அடுத்த சனிக்கிழமை அம்மாமார்கள் உங்களைத் தேடி வந்துவிடுவார்கள்.