ஜைலோவில் நடைப்பயணம்: வாசகர் கேள்வி-பதில்

கிர்கிஸ்தானில் கோடைக்கால மலை மேய்ச்சல் நிலத்துக்கு ஜைலோ என்று பெயர். சோங் கோல் ஏரியைச் சுற்றியுள்ள ஜைலோக்களுக்கு நடந்தோ குதிரையிலோ போக விரும்பும் வாசகர்களின் கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கே: எந்த மாதம் போகலாம்? மே மாத விடுமுறையில் முடியுமா?

மே மாதம் வேண்டாம். ஏரி 3,016 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கணவாய்களில் அப்போது பனி கிடக்கும், மேய்ப்பர் குடும்பங்களும் மேலே வந்திருக்க மாட்டார்கள். ஜூனில்தான் மந்தைகள் ஏறத் தொடங்கும். செப்டம்பர் நடுவில் யூர்ட் என்னும் வட்டக் கூடாரங்களைப் பிரித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். ஜூலையும் ஆகஸ்ட் முதல் பாதியும் நல்ல காலம். அப்போதும் இரவில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இறங்கலாம், சில நாள் பனி பெய்யவும் செய்யும். கம்பளித் தொப்பியும் கையுறையும் கட்டாயம் எடுத்துப் போங்கள்.

கே: மூன்று நாள்தான் கையில் இருக்கிறது. தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து நேராகக் காரில் ஏரிக்குப் போய், அங்கிருந்து நடக்கலாமா?

போகலாம், ஆனால் முதல் இரவிலேயே தலைவலியோடு படுக்க நேரிடலாம். பிஷ்கெக் சுமார் 800 மீட்டர். ஒரே பகலில் 2,200 மீட்டர் ஏறி அங்கேயே தூங்கினால், உடலுக்குப் பழகிக்கொள்ள நேரமே கிடைக்காது. முதல் இரவை வழியிலுள்ள கோச்கோர் ஊரில் கழியுங்கள். பிஷ்கெக்கிலிருந்து 3 முதல் 4 மணி நேரப் பயணம், உயரம் ஏறக்குறைய 1,800 மீட்டர். மறுநாள் கிஸார்ட் கிராமத்திலிருந்து புறப்பட்டு, 3,000 மீட்டருக்குக் கீழே உள்ள கிலெம்சே ஜைலோவில் தங்குங்கள். அதற்கு அடுத்த நாள் ஜல்கிஸ் கராகாய் கணவாய் வழியாக ஏரியில் இறங்கலாம். திரும்புவதற்கு தூஸ் அஷூ கணவாய் இருக்கிறது. கோச்கோர் இரவையும் சேர்த்தால் 4 நாள் வேண்டும். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் ஏரிக்கரையில் இரண்டாவது இரவு தங்குங்கள்.

பொது விதி இதுதான்: 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தின் உயரம் நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. உயர நோயைத் (உயரத்துக்கு உடல் பழகாததால் வரும் தலைவலி, தள்ளாட்டம், மூச்சுத்திணறல்) தடுக்க அசெட்டசோலமைடு மாத்திரையை 125 மில்லிகிராம் வீதம் காலையும் இரவும், ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்தே எடுப்பது வழக்கம். சல்ஃபா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

சோங் கோலுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. ஏரி கிண்ணத்தின் அடியில் கிடப்பதுபோல மலைகளுக்கு நடுவே இருக்கிறது. கோச்கோருக்குத் திரும்பும் சாலைகூட 3,400 மீட்டருக்கு மேலுள்ள கல்மாக் அஷூ கணவாயில் ஏறித்தான் இறங்கும். அதாவது உயர நோய் வந்தவரைக் கீழே கொண்டுபோக, முதலில் மேலே கொண்டுபோக வேண்டியிருக்கும். எனவே காத்திருந்து பார்ப்பது ஆபத்து. ஒரு கால் குதிகாலை மறு கால் விரலோடு ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே காரில் இறக்கிவிடுங்கள். கரையின் பல இடங்களில் தொலைபேசி அலைவரிசை கிடைக்காது. எந்த யூர்ட்டில் வண்டி இருக்கிறது என்று போய்ச் சேர்ந்த அன்றே விசாரித்து வையுங்கள்.

கே: நாங்கள் சைவம். மேய்ப்பர் வீட்டில் என்ன சாப்பிட முடியும்? பருப்பு எடுத்துப்போய்ச் சமைக்கலாமா?

ரொட்டி, ஜாம், கைமாக் என்னும் பாலேடு, தேநீர், உருளைக்கிழங்கு, முட்டை இவை கிடைக்கும். முட்டையும் வேண்டாம் என்றால் பட்டியல் சுருங்கிவிடும். "மென் எட் ஜெபெய்ம்", நான் இறைச்சி சாப்பிட மாட்டேன், என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். ஆனால் பல நேரம் சோர்போவில், அதாவது இறைச்சி வேகவைத்த சாற்றில், துண்டுகளை மட்டும் எடுத்துவிட்டு மீதியைக் கொடுப்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை சொன்னதைச் செய்துவிட்டார்கள். கொழுப்பும் சாறும் கூடாது என்றால் அதையும் தனியாகச் சொல்ல வேண்டும். போர்சோக் என்னும் பொரித்த மாவுத் துண்டுகளை எந்தக் கொழுப்பில் பொரித்தார்கள் என்றும் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், முன்பதிவின்போதே சொல்வது. காய்கறி கீழே ஊரிலிருந்துதான் வர வேண்டும். வந்து இறங்கிய பிறகு சொன்னால், மேலே இருக்கும் கொஞ்சம் கேரட்டும் வெங்காயமும்தான் உங்களுக்கு.

பருப்பு எடுத்துப்போய்ச் சமைப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். துவரை, கொண்டைக்கடலையெல்லாம் குக்கர் இல்லாமல் மணிக்கணக்கில் கொதித்துக்கொண்டே இருக்கும், வேகாது. தோல் நீக்கி உடைத்த மைசூர்ப் பருப்பை ஊறவைத்தால் சமாளிக்கலாம். அதைவிட எளிது, பிஷ்கெக்கின் ஓஷ் பஜாரில் வாதுமை, அக்ரூட், உலர்ந்த ஆப்ரிகாட் வாங்கிப்போவது. இன்னொன்று: எரிவாயுக் குப்பியை விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள். அடுப்பு கொண்டுபோனால் குப்பியைப் பிஷ்கெக்கிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: கிமிஸ் குடிப்பது பாதுகாப்பானதா? மறுத்தால் தவறாக நினைப்பார்களா?

கிமிஸ் என்பது புளிக்கவைத்த குதிரைப் பால். குட்டிகளை ஜெலே என்னும் தரைக் கயிற்றில் கட்டிவைத்திருப்பார்கள். தாய்க்குதிரைகள் அவற்றைத் தேடி வரும்போது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கறப்பார்கள். அந்தக் கயிற்றின் குறுக்கே நடக்காதீர்கள், படம் எடுக்கக் குட்டியை நெருங்காதீர்கள். தாய் மிரண்டால் அந்த வேளைக் கறவை போய்விடும்.

குதிரைப் பாலில் பால் சர்க்கரை அதிகம். அது புளிக்கும்போது கொஞ்சம் ஆல்கஹாலும் உண்டாகும். பால் காய்ச்சப்படுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பழக்கமில்லாத வயிறு முதல் நாளே முழுக் கிண்ணத்தைத் தாங்காது. மறுநாள் கணவாய் ஏற வேண்டியிருந்தால் இரண்டு மிடறோடு நிறுத்துங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தவிர்க்க வேண்டும், காய்ச்சாத எந்தப் பாலையும் அவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. மறுப்பதில் குற்றமில்லை. கிண்ணத்தை இரு கையால் வாங்கி, உதட்டில் வைத்து, வயிற்றைத் தொட்டுக் காட்டித் திருப்பிக் கொடுத்தால் போதும். பக்கத்தில் தேநீர் எப்போதும் இருக்கும். அதற்கு ஊற்றும் பால் காய்ச்சியதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: குதிரை ஏறியதே இல்லை. முதல் நாளே ஐந்து மணி நேரம் சவாரி முடியுமா?

முடியும், ஆனால் அடுத்த நாள் நடக்க முடியாமல் போகலாம். ஒரு மணி நேரம் சவாரி, அரை மணி நேரம் நடை என்று மாற்றி மாற்றிப் போங்கள். கடைபிடிக்க வேண்டியவை இவை. இடப்பக்கமாக ஏறுங்கள். லகானை ஒரு கையில் பிடியுங்கள், எக்காரணத்தாலும் மணிக்கட்டில் சுற்றாதீர்கள். புறப்பட்டு இருபது நிமிடத்தில் வழிகாட்டியைச் சேணத்தின் வயிற்றுப் பட்டையைப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும், பிறகு பட்டை தளர்ந்து சேணம் ஒருபக்கமாகச் சரியும். ஏற்றத்தில் முன்னால் சாயுங்கள், இறக்கத்தில் பின்னால். தூஸ் அஷூவின் செங்குத்தான இறக்கத்தில் இறங்கி, குதிரையை நடத்திக்கொண்டு போவதே நல்லது.

"சூ" என்றால் நடக்கும், "டிர்ர்" என்றால் நிற்கும். மழைக்கோட்டை உட்கார்ந்தபடியே உதறிப் போடாதீர்கள். படபடக்கும் துணியைக் கண்டு பழகிய குதிரையும் பாய்ந்துவிடும். புதியவர்கள் விழுவதற்கு இது முக்கியமான காரணம். இறங்கி நின்று போடுங்கள். முதுகில் பை வேண்டாம், சேணப் பையில் வையுங்கள். உள்தையல் இல்லாத நீளக் காற்சட்டை உட்தொடையைக் காக்கும். தலைக்கவசம் அங்கே பெரும்பாலும் கிடைக்காது, கொண்டுபோங்கள். உங்கள் எடை 90 கிலோவுக்கு மேல் என்றால் முன்பே சொல்லுங்கள், அதற்கேற்ற குதிரையைத் தேட வேண்டும்.

கே: இடி மின்னல் பயம் உண்டா?

உண்டு. ஏரியைச் சுற்றி மரமே இல்லை. குதிரை மேல் உட்கார்ந்திருப்பவர்தான் அந்த வெளியில் உயரமான பொருள். மேகம் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு திரளும் என்பதால், நண்பகலுக்கு முன் கணவாயைத் தாண்டிவிடும்படி காலை 7 மணிக்கே கிளம்புங்கள். இடி கேட்டால் முகட்டைவிட்டு இறங்கி, குதிரையைவிட்டும் இறங்கி, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டுக் குந்துங்கள்.

கே: காவல் நாய்கள் கடிக்குமா?

ஓநாயை விரட்டப் பழக்கியவை, அந்நியரை நோக்கி ஓடித்தான் வரும். ஓடாதீர்கள். நின்று, சத்தமாக வீட்டுக்காரரை அழையுங்கள். குனிந்து கல்லெடுப்பதுபோலச் செய்தால் பெரும்பாலும் தயங்கி நிற்கும். மந்தையையும் யூர்ட்டையும் நேராக நெருங்காமல் சுற்றிப் போங்கள். வெறிநோய்த் தடுப்பூசியைப் பயணத்துக்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கடிபட்டால் 15 நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே நகரத்துக்குக் கிளம்ப வேண்டும்.

கே: ஓடைத் தண்ணீர் கண்ணாடிபோல் இருக்கிறதாமே, அப்படியே குடிக்கலாமா?

கூடாது. ஓடைக்கு மேலே எங்கோ ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். கொதிக்க வைத்தால் போதும், 90 டிகிரியிலும் கிருமி சாகும். ஒரு நிமிடத்துக்குப் பதில் மூன்று நிமிடம் கொதிக்கட்டும். குளோரின் மாத்திரை சில ஒட்டுண்ணிகளைக் கொல்லாது. நுண்குழல் வடிகட்டி நல்லது, ஆனால் ஒரு முறை நனைத்த பிறகு அது உறைந்தால் குழல்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் தெரியாது. இரவில் உறங்குபைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கே: யூர்ட்டுக்குள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

வாசற்படியை மிதிக்காமல் தாண்டி உள்ளே வாருங்கள், காலணியைக் கழற்றிவிடுங்கள். கதவுக்கு நேர் எதிரே உள்ள தோர் மரியாதைக்குரிய இடம், மூத்தவர்களுக்கு உரியது. உங்களை அங்கே உட்காரச் சொன்னால் உட்காருங்கள், நீங்களாகப் போய் உட்காராதீர்கள். ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதீர்கள், தரையில் வைக்காதீர்கள். தேநீர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார்கள், அது கஞ்சத்தனமல்ல, திரும்பத் திரும்ப ஊற்றி உபசரிக்கத்தான். போதும் என்றால் கிண்ணத்தைக் கையால் மூடுங்கள். சாப்பாடு முடிந்து எல்லோரும் முகத்தைக் கைகளால் வருடி "ஓமின்" சொன்ன பிறகு தட்டில் கை வைக்கக் கூடாது. மூத்த ஆணை பைகே என்றும் மூத்த பெண்ணை எஜெ என்றும் அழையுங்கள். அண்ணா, அக்கா என்று கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு இதில் சிரமமே இராது.

இரவு அடுப்பில் வறட்டி எரியும். குளிருக்குப் பயந்து உச்சி வளையமான துந்துக்கை முழுக்க மூடச் சொல்லாதீர்கள். கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். உங்கள் எரிவாயு அடுப்பையும் உள்ளே பற்றவைக்கக் கூடாது. கூடுதல் மெத்தை கேட்டால் சிரித்த முகத்தோடு தருவார்கள்.

கே: அப்படியே சீன எல்லையருகே உள்ள கெல் சூ ஏரிக்கும் போகலாமா?

அது எல்லை மண்டலம், தனி அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரு முகவர் மூலம் பல நாள் முன்னதாகவே விண்ணப்பியுங்கள். சீட்டு இல்லாமல் சோதனைச் சாவடியில் கெஞ்சிப் பயனில்லை.

கே: பணம் எப்படிக் கொடுப்பது? மேய்ப்பர் வீட்டுக் குழந்தைகளுக்கு என்ன கொண்டுபோகலாம்?

உள்ளூர் நாணயமான சோம் நோட்டுகளாக, சில்லறையாகக் கொண்டுபோங்கள். ஏரியில் ஏடிஎம் கிடையாது, கோச்கோரில் எடுத்துவிடுங்கள். கிளம்பும் முன் இவற்றைத் தனித்தனியாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்: படுக்கை, எத்தனை வேளை உணவு, உங்கள் குதிரை, வழிகாட்டியின் கூலி, வழிகாட்டியின் குதிரை. ஒரு வழிப் பயணமாக இருந்தால், குதிரைகள் வெறுமனே திரும்பும் நாளுக்கும் கட்டணம் உண்டு. மனக்கசப்பு வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அது ஏமாற்று அல்ல, அந்த ஆளுக்கு அது முழு நாள் வேலை.

மிட்டாய் வேண்டாம். மேலே பல் மருத்துவர் கிடையாது. நல்ல தேயிலை, சர்க்கரை, ஆப்பிள், தக்காளி வாங்கிப்போய் வீட்டு அம்மாவிடம் கொடுங்கள். போன ஆண்டு அங்கே எடுத்த படங்களை அச்சிட்டு அனுப்ப நினைத்தால், அந்தப் பக்கம் போகும் வழிகாட்டியிடம் கொடுத்தனுப்பினால் போய்ச் சேரும். அஞ்சல் ஜைலோவுக்கு ஏறாது.