ஹாரிசன் பெயர் போட்ட குடுவை: 650 டாலர் கொடுக்கலாமா?

நியூ ஜெர்சியின் எடிசனில் இருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "பழம்பொருள் அங்காடி ஒன்றில் ஒரு சாண் உயரத்தில் பழுப்பு நிற ஸ்டோன்வேர் குடுவை பார்த்தேன். மரக்குடிசைப் படமும் 'ஹாரிசன்' என்ற பெயரும் கீறியிருக்கிறது. 1840 தேர்தல் பிரச்சாரப் பொருளாம். உண்மைச் சான்றிதழும் தருகிறார்கள். விலை 650 டாலர். வாங்கலாமா?"

அந்தப் பேச்சை நம்பி அந்த விலைக்கு வாங்காதீர்கள். குடுவை பழையதாகவே இருக்கலாம். ஆனால் நீங்கள் காசு கொடுக்கப் போவது அதில் இருக்கும் பெயருக்கு. எழுத்தில்லாத பழைய குடுவை சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும். அதில் ஒரு வேட்பாளர் பெயரை ஏற்றிவிட்டால் விலை எங்கோ போய்விடும். இந்தத் தொழிலில் தில்லுமுல்லு நடப்பதே அந்த இடத்தில்தான்.

முதலில், எந்த ஹாரிசன்? 1840 அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்றவர் வில்லியம் ஹென்றி ஹாரிசன். கிழவருக்கு ஒரு பீப்பாய் சைடரும் (ஆப்பிள் மது) ஓய்வூதியமும் கொடுத்தால் மரக்குடிசையில் உட்கார்ந்துகொள்வார் என்று எதிர்க்கட்சிப் பத்திரிகை கேலி செய்தது. அந்தக் குடிசையையே அவருடைய கட்சி சின்னமாக்கிக்கொண்டது. மனிதர் உண்மையில் வர்ஜீனியாவின் பெரிய பண்ணை வீட்டுப் பிள்ளை! ஜெயித்து, பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்தும் போனார். 1888இல் நின்ற பெஞ்சமின் ஹாரிசன் அவருடைய பேரன். அவர் ஆட்கள் தாத்தாவின் குடிசையைத் தூசி தட்டி மறுபடி வெளியே எடுத்தார்கள். ஆகவே குடிசையும் ஹாரிசனும் இருந்தால் மட்டும் 1840 ஆகிவிடாது. துணை அதிபர் வேட்பாளர் பெயரும் இருக்கிறதா என்று தேடுங்கள். டைலர் என்றால் 1840, மோர்ட்டன் என்றால் 1888, ரீட் என்றால் பேரன் தோற்றுப்போன 1892.

பொருளும் 1840க்குப் பொருந்தவில்லை. அந்தத் தேர்தலின் பிரச்சாரப் பாண்டங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் இருந்து வந்த, படம் அச்சிட்ட மண்பாண்டங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்து ஜெர்சி சிட்டியிலேயே அமெரிக்கன் பாட்டரி கம்பெனி ஹாரிசன் படம் போட்ட கூஜா செய்தது. அதுவும் ஸ்டோன்வேர் இல்லை. ஸ்டோன்வேர் என்பது நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் சாதி. கடும் சூட்டில் வெந்து இறுகியது, நீரைக் குடிக்காது. குடுவையின் அடியில் மெருகு இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சட்டென்று உறிஞ்சிவிட்டால் அது ஸ்டோன்வேரே இல்லை.

அப்புறம், எழுத்து. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஈர மண்ணில் கீறிய கோட்டின் ஓரத்தில் மண் லேசாக ஒதுங்கி நிற்கும். சூளையில் மெருகு உருகும்போது அந்த ஓரம் மழுங்கிவிடும், நகத்தால் தடவினால் வழுக்கும். வெந்த குடுவையில் பிறகு கருவி வைத்து வெட்டிய கோடு அப்படி இருக்காது. ஓரமெல்லாம் உடைந்த கண்ணாடி போலச் சின்னச் சின்னச் சில்லுகள் தெரியும். நகம் சிக்கும்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. இதில் தடுமாறியே பலர் நல்ல பொருளைப் போலி என்று ஒதுக்குகிறார்கள். பழுப்பு நிறத்துக்குக் காரணம் ஆல்பனி மண்கூழ், நியூயார்க் மாநிலத்து ஆற்று மண்ணைக் கரைத்த பூச்சு. குடுவையை அதில் தோய்த்து, பூச்சு வேகும் முன்பே அதன் வழியாகக் கீறுவது அந்தக் காலத்து வழக்கம். அப்படிக் கீறினால் அடியில் இருக்கும் வெளிர் மண் வெளியே தெரியும். கோடு வெளுப்பாக இருக்கிறதே, யாரோ பின்னால் சுரண்டியிருக்கிறார்கள் என்று அவசரப்படக் கூடாது. நிறத்தை விடுங்கள், ஓரத்தைப் பாருங்கள். வெளுத்த கோடு, வழுவழு ஓரம் என்றால் சூளைக்கு முன் எழுதியது. வெளுத்த கோடு, சில்லு ஓரம் என்றால் குடுவையை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சான்றிதழ் விஷயத்துக்கு வருகிறேன். அதில் கையெழுத்துப் போட்டவர் யார்? விற்பவர்தானே! திருடன் தனக்குத் தானே நன்னடத்தைச் சான்று எழுதிக்கொண்டால் எத்தனை பைசா பெறும்? 1973இல் ஒரு சட்டம் வந்தது. அரசியல் நினைவுப்பொருளின் நகல் என்றால் செய்த ஆண்டை அழியாதபடி அதில் பொறிக்க வேண்டும். நல்ல சட்டம்தான். பழைய குடுவையில் நேற்று பெயர் வெட்டியவன் ஆண்டையும் சேர்த்து வெட்டுவானா? இதைக் கேட்க ஒரு ஆள் சந்தைக்கு வந்து நான் பார்த்ததில்லை. அங்காடியிலோ அலமாரித் தட்டுக்குத் தட்டு வேறு வேறு ஆள் வாடகைக்கு எடுத்திருப்பார். கல்லாவில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. "விற்றது விற்றதுதான்" என்ற பலகை மட்டும் பளிச்சென்று தொங்கும்.

நானும் ஏமாந்தவன்தான். 'கிளீவ்லாண்ட்' என்று முத்திரை குத்திய ஜாடியை அதிபர் குரோவர் கிளீவ்லாண்டின் பிரச்சாரப் பொருள் என்று ஒரு தரகர் என் தலையில் கட்டினார். அது ஒஹாயோவில் இருக்கும் கிளீவ்லாண்ட் ஊர். ஜாடியை விற்ற கடையின் ஊர்!

வாங்கியே தீருவேன் என்றால், அந்தத் தட்டை வாடகைக்கு எடுத்து விற்பவரிடம் ரசீதில் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: "இன்ன ஆண்டுத் தேர்தலுக்குச் செய்தது, எழுத்து சூளைக்கு முன் கீறப்பட்டது, இல்லையென்றால் முழுப் பணமும் திரும்ப." அவர் தலையைச் சொறிந்தால் பதில் கிடைத்துவிட்டது. சரி, எனக்குப் படம் அனுப்புவதானால் குடுவை முழுவதையும் எடுக்க வேண்டாம். 'ஹாரிசன்' பெயரின் முதல் எழுத்தை, பக்கவாட்டில் டார்ச் அடித்து, ஓரம் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.