பரணிலிருந்து இறங்கிய தச்சுச் சாமான்கள்: கேள்வி பதில்

படம் அனுப்புகிறவர்கள் சாமானை மேலிருந்து மட்டும் எடுக்காதீர்கள். கத்தியின் முனை, அடிப்பக்கம், கைபட்டு வழவழப்பான இடம், இந்த மூன்றும் தெரிய வேண்டும். வடிவத்தைப் பார்த்துச் சொன்னால் பாதி நேரம் தப்பாகத்தான் போகும்.

கேள்வி (காரைக்குடி): ஐயா, தாத்தாவின் பெட்டியில் இருந்தது. உள்ளங்கை அகலத் தேக்குக் கட்டை, நடுவில் ஓட்டை. அதன் வழியாக முழங்காலை மடக்கியது போல வளைந்த கத்தி ஒன்று எட்டிப் பார்க்கிறது. ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறார்கள். இழைப்புளி என்றால் கத்தி ஏன் இப்படி? என் சித்தப்பா தேங்காய் துருவி என்கிறார்.

பதில்: சித்தப்பாவுக்கு ஒரு கும்பிடு. உங்கள் இரண்டாவது படத்தில் கட்டையின் அடி தெரிகிறது. இரண்டு ஓரமும் கண்ணாடி மாதிரி தேய்ந்திருக்க, நடுவில் மட்டும் பழைய கரடு அப்படியே இருக்கிறது, பார்த்தீர்களா? அப்படியானால் இந்தக் கட்டை இரண்டு பக்கமும் மரத்தின் மேல் உட்கார்ந்து, நடுவில் ஒரு பள்ளத்தின் மேலாக ஓடியிருக்கிறது. பலகையில் வெட்டுகிற இப்படிப்பட்ட நீளப் பள்ளத்துக்குக் காடி என்று பெயர். காடியின் அடியைச் சமப்படுத்துகிற சாமான் இது.

அலமாரியில் தட்டு செருகக் காடி எடுக்கும்போது இரண்டு பக்கமும் ரம்பத்தால் அறுத்துவிட்டு நடு மரத்தை உளியால் பேர்ப்போம். அடி மேடும் பள்ளமுமாக நிற்கும். உளியை வைத்தே சமப்படுத்தப் போனால் ஒரு இடத்தில் ஆழமாக இறங்கிவிடும். இந்தக் கட்டையில் கத்தி எவ்வளவு நீட்டியிருக்கிறதோ அவ்வளவுதான் ஆழம், அதற்குக் கீழே போகவே போகாது. கால் நூல், கால் நூலாக (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கத்தியை இறக்கிக்கொண்டே வர வேண்டியதுதான்.

இங்கிலாந்துத் தச்சர்கள் இதற்கு வைத்த பட்டப்பெயர் ‘கிழவியின் பல்’. ஒற்றைப் பல் வெளியே தெரிவதைப் பார்த்தால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. 1880களில் அமெரிக்காவின் ஸ்டான்லி கம்பெனி இதையே இரும்பில் வார்த்து 71 என்ற எண்ணில் விற்க ஆரம்பித்தது. இன்று பட்டறையில் காதைக் கிழித்துக்கொண்டு காடி வெட்டுகிற மின்சார ரூட்டருக்கு இது பாட்டி முறை.

கேள்வி (லெஸ்டர், இங்கிலாந்து): அண்ணா, இங்கே ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் 6 பவுண்டுக்கு வாங்கினேன். கைப்பிடியின் நுனியில் ஓர் இரும்புச் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறது. சுற்றளவு சரியாக 24 அங்குலம். விற்றவர் மாவு வெட்டுவது என்றார். என் மகள் பீட்சா வெட்டி என்கிறாள்.

பதில்: விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள். மழுங்கலாக இருக்கும். வெட்டுகிற சாமானுக்கு மழுங்கல் விளிம்பு எதற்கு? அப்புறம், நீங்களே அளந்து சொன்ன அந்த 24 அங்குலத்தில்தான் விடை இருக்கிறது. இது அளவுகோல். வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போடுகிறவர்கள் வைத்திருந்தது.

5 அடி விட்டமுள்ள மரச் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு ஏறக்குறைய 188 அங்குலம். வட்டையின் (சக்கரத்தின் மர விளிம்பு) மேல் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு, இந்தச் சின்னச் சக்கரத்திலும் ஒரு கோடு. இரண்டையும் சேர்த்து வைத்து உருட்ட ஆரம்பித்தால், ஏழு சுற்று முழுதாக முடிந்து எட்டாவதில் இருபது அங்குலம் போனதும் புறப்பட்ட கோட்டுக்கு வந்துவிடும். கயிறு வைத்து அளந்தால் என்ன என்று கேட்பீர்கள். கயிறு இழுத்தால் நீளும். இந்த வேலையில் அரை அங்குலம் தப்பினால் இரும்பும் வீண், கரியும் வீண்.

பிறகு பட்டையின் உள்பக்கமும் இதே சக்கரத்தை ஓட விட்டு, மரத்தின் சுற்றளவைவிட ஓர் அங்குலம்போலக் குறைவாக வளைத்து ஒட்டுவார்கள். குறைவாக இருந்தால் எப்படி ஏறும்? நெருப்பு ஏற்றும். 600 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறினால் அந்த நீள இரும்பு ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் நீளும். செஞ்சூட்டோடு இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் போட்டு, சம்மட்டியால் தட்டி இறக்கி, மரம் பற்றிக்கொள்வதற்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரும்பு சுருங்கும்போது வட்டை நெருங்கி, ஆரக்கால்கள் நடுவிலுள்ள குடத்துக்குள் போய் இறுகும். நம் ஊர் மாட்டுவண்டிக்குப் பட்டை போடுவதும் இதே கணக்கில்தான். சின்ன வயதில் தூர நின்று பார்த்திருக்கிறேன். அந்தப் புகை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

மகளிடம் சொல்லுங்கள், 6 பவுண்டு நல்ல விலை.

கேள்வி (யாழ்ப்பாணம்): ஐயா, அப்பாவின் சீவுளி (இழைப்புளி), வாள்களோடு (ரம்பங்களோடு) குறடு மாதிரி ஒரு சாமான் கிடந்தது. அமுக்கினால் உள்ளே ஒரு சிறு ஊசி முன்னுக்கு வருகிறது. எதிரே 4 முதல் 12 வரை இலக்கம் போட்ட வட்டத் துண்டு. எக்லிப்ஸ் 77 என்று எழுதியிருக்கிறது.

பதில்: வாள்களோடு கிடந்தது என்றீர்களே, அவற்றுக்குத்தான் இது. வாளின் பற்களை ஒன்று வலம், ஒன்று இடம் என்று மாற்றி மாற்றிச் சாய்க்கிற கருவி. பல் சாயாமல் நேராக நின்றால் அறுத்த தடம் தகட்டின் கனத்துக்கே இருக்கும், வாள் பாதியில் சிக்கிக்கொள்ளும். இலக்கம் அங்குலத்துக்கு எத்தனை பல் முனை என்பது. பல் பொடிசாக ஆக இலக்கம் கூடும், சாய்வு குறையும். பல்லின் மேல் பாதியை மட்டும் சாயுங்கள். அடியோடு வளைத்தால் ஒடிந்துவிடும்.

கேள்வி (கோவை): சின்ன மர இழைப்புளி. கத்தி சாயாமல் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கிறது, முனையில் சீப்பு மாதிரி பற்கள். துருப்பிடித்து அரித்ததா?

பதில்: துரு இவ்வளவு ஒழுங்காக அரிக்காது. கத்தியின் முதுகில் வரி வரியாகக் காடி வெட்டியிருப்பார்கள், தீட்டத் தீட்டப் பல் தானாக வரும். மெல்லிய மரத்தோல் ஒட்டுவதற்கு முன் பலகையை வரிவரியாகக் கீறிவிட, வச்சிரப் பசை நன்றாகப் பிடிக்கும் என்று செய்தது. முறுக்கிக்கொண்ட மரத்தைச் சிம்பு பேராமல் இறக்கவும் உதவும்.

கேள்வி (கடலூர்): உளி மாதிரி இருக்கிறது. ஆனால் வாய் விசிறிபோல அகலம், கூர் இல்லை, விளிம்பு நீளத்துக்கும் ஒரு பள்ளம். தீட்டிக் கூராக்கலாமா?

பதில்: ஐயோ, தீட்டிவிடாதீர்கள். அந்தப் பள்ளம்தான் அதன் உயிர். மரப்படகில் பலகைகளுக்கு நடுவே பஞ்சுத் திரியைத் திணிக்கிற கலப்பத்து உளி. கொட்டாப்புளியால் தட்டினால் பள்ளம் திரியைப் பிடித்து உள்ளே தள்ளும். கூர் இருந்தால் திரியை அறுத்துவிடும். கலப்பத்து என்ற சொல்லே போர்த்துக்கீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்தது. வீட்டில் யாராவது படகு வேலை செய்தார்களா என்று விசாரியுங்கள்.

கேள்வி (ஆம்பூர்): இரண்டு கைப்பிடி, நடுவில் வளைந்த நீளக் கத்தி. மரம் சீவுகிற இழுப்புக் கத்திதானே?

பதில்: இதில் நானே ஒரு தடவை ஏமாந்தவன். இதே மாதிரி ஒன்றை இழுப்புக் கத்தி என்று அடித்துச் சொல்லி, வாங்கியவர் ஒரு நாள் முழுக்க மரத்தோடு மல்லுக்கட்டினார். கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு கூர் எந்தப் பக்கம் என்று பாருங்கள். உங்களைப் பார்த்து இருந்தால் மரத்துக்கு. உங்கள் படத்தில் வளைவின் வெளிப்பக்கம் கூர் இருக்கிறது, அதாவது தள்ளிச் சீவுவது. தோலின் உள்பக்கச் சதையை எடுக்கிற கத்தி. தோல் பதனிடுகிற உங்கள் ஊரில் இது கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை.

மறுபடியும் காரைக்குடி: ஐயா, கத்தி மொக்கையாக இருக்கிறது. வளைந்த காலோடு கல்லில் எப்படித் தீட்டுவது? கால் இடிக்கிறதே.

பதில்: கல்லை மேசையின் ஓரத்துக்கு நகர்த்துங்கள். கத்தியின் பாதம் கல்லின் மேல், கால் மேல்நோக்கி நிற்கட்டும், அப்போது இடிக்காது. முதலில் பாதத்தின் அடியைத் தட்டையாக்குங்கள். மேல் சரிவுக்குக் கத்தியைத் தலைகீழாகத் திருப்பி, கால் மேசைக்கு வெளியே கீழ்நோக்கித் தொங்கும்படி வைத்துத் தீட்டுங்கள், இல்லையென்றால் ஒரு சிறு கல்லைக் கையில் பிடித்துத் தேய்த்தாலும் போதும். ஆப்பைக் கழற்றும்போது பக்கவாட்டில் அடிக்காதீர்கள், பழைய தேக்கு பிளந்துகொள்ளும்.