கொடுவாவின் ஈரல் வெளுத்து வீங்கியிருந்தால்

மீன் நன்றாகத் தின்கிறது, ஆனால் அறுத்துப் பார்த்தால் ஈரல் வெளுத்து வீங்கிக் கிடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மீன்தூளைக் குறைத்து மைதாவும் அரிசிக் குருணையும் பாதிக்குப் பாதி கலந்ததை அடுத்த வரியிலேயே சொல்லிவிட்டீர்கள். எனக்கு முதல் சந்தேகம் அந்த மாவு மேல்தான்.

கொடுவா ஊன் தின்னி. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் என்ற நொதி அதன் குடலில் குறைவு, செரித்து ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறிவிட்டாலும் கெண்டைக்கு இறங்குவதுபோல் சீக்கிரம் இறங்காது, மிஞ்சியதில் ஒரு பங்கு கிளைகோஜனாகவும் (உடல் சேமித்துவைக்கும் சர்க்கரை வடிவம்) கொழுப்பாகவும் ஈரலில் போய்ச் சேரும். மாவை வேகவைத்துப் போடச் சொல்வார்கள். செரிமானம் கூடும், உண்மைதான், கூடவே சர்க்கரையும் வேகமாக ஏறும் (அதை மட்டும் சொல்ல மாட்டார்கள்!).

மாவுச்சத்தை மொத்தத் தீவனத்தில் 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவாருங்கள், அடியோடு நிறுத்த வேண்டாம், நிறுத்தினால் தீவன உருண்டை தண்ணீரில் விழுந்ததுமே கரைந்துவிடும். குறைத்த இடத்தை எண்ணெயால் மட்டும் நிரப்பாதீர்கள், புரதம் வேண்டும்.

அப்புறம், ஈரலில் ஒரு துண்டை நறுக்கித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் கொழுப்பு நிறையவே ஏறியிருக்கிறது. அப்படியென்றால் தீவன மூட்டையையும் முகர்ந்து பாருங்கள், எண்ணெய் கெட்ட சிக்கு வாடையோ பூஞ்சை வாடையோ அடித்தால் மாவை மட்டும் குறை சொல்ல முடியாது, கெட்டுப்போன தீவனமும் ஈரலைக் கெடுக்கும்.