காம்போசிட்டுக்குள் பதிக்கும் சென்சார்கள்: கேள்வி பதில்

கேள்வி (இயந்திரவியல் மாணவர்): கார்பன் இழையும் பிசினும் சேர்ந்த காம்போசிட் பாகங்களுக்குள் சென்சாரைப் பதித்துத்தான் ஆக வேண்டுமா?

பதில்: உலோகத் தகட்டில் அடி விழுந்தால் பள்ளம் தெரியும். கார்பன் இழை அடுக்குகளை ஒட்டிச் செய்த லேமினேட்டிலோ, கை தவறி விழுந்த ஒரு கருவிகூட மேற்பரப்பில் அடையாளம் ஏதும் விடாமல் உள்ளடுக்குகளைப் பிரித்துவிடக்கூடும். அந்தப் பிரிவு அமுக்கு விசையைத் தாங்கும் வலிமையை வெகுவாகக் குறைத்துவிடும். போயிங் 787 விமானக் கட்டமைப்பின் எடையில் ஏறத்தாழ 50 சதவீதம் காம்போசிட் என்னும்போது, கண்ணால் பார்த்துச் சொல்லும் சோதனையை மட்டும் நம்பியிருப்பது சரியாகாது.

கேள்வி: சென்சாராக உள்ளே போகும் ஒளியிழையே லேமினேட்டின் வலிமையைக் கெடுத்துவிடாதா?

பதில்: நியாயமான அச்சம். கார்பன் இழையின் விட்டம் சுமார் 7 மைக்ரான். வழக்கமான ஒளியிழையின் கண்ணாடி மட்டுமே 125 மைக்ரான், அதாவது ஒரு பிரிப்ரெக் (பிசின் முன்கூட்டியே ஊறிய இழைத் தாள்) அடுக்கின் தடிமன் அளவுக்கு வந்துவிடும். கார்பன் இழைகளுக்குக் குறுக்கே வைத்தால் ஒளியிழையின் இரு பக்கமும் பிசின் தேங்கி, கண் வடிவில் கார்பன் இழையில்லாத ஒரு பகுதி உருவாகும்; விரிசல் தொடங்க அதுவே இடம். ஆகவே ஒரே திசை கொண்ட இரு அடுக்குகளின் நடுவே, இழைகளின் போக்கிலேயே வைக்க வேண்டும். 180 டிகிரி செல்சியஸில் கியூரிங் (சூட்டில் பிசினை இறுகச் செய்தல்) செய்யும் பாகமென்றால் பாலிஇமைடு பூச்சுள்ள இழையையே வாங்குங்கள். சாதாரண அக்ரிலேட் பூச்சு அந்த வெப்பத்துக்கு ஏற்றதல்ல.

கேள்வி: வெப்பநிலை மாறினால் அளவீடு தவறாதா?

பதில்: தவறும். ஒளியிழைக்குள் எழுதிய, குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் திருப்பி அனுப்பும் அமைப்புதான் பிராக் கிரேட்டிங். அது 1550 நானோமீட்டர் பகுதியில் இயங்கினால், அந்த அலைநீளம் ஒரு மைக்ரோஸ்ட்ரெயினுக்கு (நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாற்றம்) சுமார் 1.2 பிக்கோமீட்டரும், ஒரு டிகிரிக்குச் சுமார் 10 பிக்கோமீட்டரும் நகரும். எனவே 10 டிகிரி வெப்ப உயர்வு, விசையே இல்லாத இடத்தில் 80 மைக்ரோஸ்ட்ரெயினுக்கு மேல் காட்டிவிடும். அருகிலேயே நுண்குழாய்க்குள் இழுவிசை படாதபடி இன்னொரு கிரேட்டிங்கை வைத்து, அதன் நகர்வைக் கழித்துவிட வேண்டும்.

கேள்வி: பீசோ தகடுகள் மேலானவையா?

பதில்: வேலை வேறு. மின்னழுத்தம் கொடுத்தால் அதிரும் பீசோ தகடு, தானே லாம்ப் அலைகளை (மெல்லிய பாகத்தின் வழியே பரவும் அதிர்வலைகள்) அனுப்பும், மற்றொன்று வாங்கும். இடையில் அடுக்குகள் பிரிந்திருந்தால் அலை மாறிவிடும். கார்பன் மின்சாரத்தைக் கடத்துமாதலால் தகட்டைப் பாலிஇமைடு படலத்தால் மூட மறக்கக் கூடாது. சேதமில்லாத நிலையின் பதிவை வெவ்வேறு வெப்பநிலைகளில் எடுத்து வைக்காவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

கேள்வி: பதித்த சென்சார் பழுதானால்?

பதில்: மாற்ற வழியில்லை. பெரும்பாலும் ஒளியிழை உடைவது லேமினேட்டை விட்டு அது வெளிவரும் விளிம்பில்தான். அங்கே மெல்லிய டெஃப்லான் குழாயைப் போர்த்தி, பிசின் உள்ளே ஏறாதபடி வாயைச் சிலிகோனால் அடைத்து, கியூரிங் முடிந்து விளிம்பைச் சீவும்போது அந்த இடத்தைத் தவிர்க்க வேண்டும். முடிந்தவரை இழையின் இரு முனைகளையும் வெளியே எடுங்கள். ஓரிடத்தில் அறுந்தாலும் மறுமுனையிலிருந்து மீதிக் கிரேட்டிங்குகளைப் படிக்கலாம்.